மாமாவின் கேனனெட்: ரேஞ்ச்ஃபைண்டரால் நிஜமாகவே என்ன லாபம்?

நிப்பட்டு_காவேரிப்பட்டணம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா 1970களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் வாங்கிவந்த கேனனெட் கியூஎல்17 ஜி-III என்ற ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கேமரா, அத்தையின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. "உனக்குத்தான் இந்தப் பைத்தியம் இருக்கே, எடுத்துக்கோ" என்று அத்தை கொடுத்துவிட்டார். லெதர் உறை பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. லென்ஸ் எப்படியோ தப்பித்திருந்தது. ஷட்டர் இலைகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. முதலில் கொடுத்த கடையில் அதற்கு மேலும் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது ஆள்தான் பிரித்துத் துடைத்து ஓட வைத்தார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பேட்டரி கிடைக்காததால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லை. போனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொண்டு, ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) கையால் வைத்து முதல் ரோலை எடுத்தேன். கேஆர்பி அணை, எங்கள் தெரு, தாத்தாவின் மாந்தோப்பு. 36 படத்தில் 9 படம் நெகட்டிவில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஷட்டர் சத்தம் நன்றாகக் கேட்டதே! மீதியில் நாலைந்து போகஸ் தவறிவிட்டது. தேறியவை அழகாகத்தான் இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஒரு ரோலுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் ஏற்கெனவே ஒரு மிர்ரர்லெஸ் டிஜிட்டல் கேமரா இருக்கிறது. பிலிம்தான் வேண்டும் என்றாலும் நண்பனிடம் பழைய எஸ்எல்ஆர் ஒன்று சும்மா இருக்கிறது. அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம், மூன்று லென்ஸ் மாற்றலாம். அப்படியிருக்க, இந்த ஓரத்து ஓட்டை வழியாகப் பார்த்து, நடுவில் மஞ்சளாகத் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி எடுக்கும் வேலையில் என்ன லாபம்?

"பிலிமில் ஆத்மா இருக்கு" என்கிற பதில் வேண்டாம். அதை யூடியூபிலேயே நிறையக் கேட்டுவிட்டேன். கையில் பிடித்து வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.


பிக்சல்_பர்கூர் எழுதியது:

லாபம் ஒன்றும் இல்லை ப்ரோ. அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சத்தம் வராது என்பார்கள். உங்கள் மிர்ரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் சத்தமே கிடையாது. சின்னது என்பார்கள். கேனனெட் அறுநூறு கிராமுக்கு மேல் கனம். கிட்டத்தில் 0.8 மீட்டருக்குக் கீழே போகஸ் ஆகாது. ஒரு மாம்பூவைக்கூட நிறைவாக எடுக்க முடியாது. தூரத்துப் பறவையை நினைத்தே பார்க்க வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரஸ்ஸோன் லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரில் எடுத்தார் என்பதற்காக நாமும் எடுக்க வேண்டுமா? அவர் காலத்தில் அதுதான் கையடக்கம். பிலிம் ஆசை இருந்தால் நண்பரின் எஸ்எல்ஆரை வாங்கிக்கொள்ளுங்கள். தெரிவதுதான் விழும்.


பழைய_ஸ்டூடியோக்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஒன்பது படம். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறீர்கள்.

சிரிக்காதீர்கள், நானும் எடுத்திருக்கிறேன். எஸ்எல்ஆரில் மூடி இருந்தால் கண்ணுக்கு இருட்டுதான் தெரியும், உடனே புரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக, மூடி இருந்தாலும் ஊர் முழுக்கப் பளிச்சென்று தெரியும். உங்கள் கேனனெட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. அப்பர்ச்சர் வளையத்தை 'ஏ'யில் வைத்தால், வெளிச்சம் போதாதபோது பொத்தான் அழுந்தாது. மீட்டரின் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் மூடி அதையும் மறைத்து, ஷட்டர் பூட்டிக்கொள்ளும். நீங்கள் பேட்டரி இல்லாமல் மேனுவலில் எடுத்தீர்கள், அது கேள்வி கேட்காமல் அடித்துவிட்டது. மூடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு ஒரு யூவி பில்டர் மாட்டுங்கள், 48 எம்எம்.

இனி லாபம். நான் தர்மபுரியில் 1986இலிருந்து 2009 வரை ஸ்டூடியோ வேலை. முதலாளியிடம் எஸ்எல்ஆர் இரண்டு, யாஷிகா மேட் ஒன்று. எனக்கென்று இருந்தது மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ், என் கல்யாண மொய்ப் பணத்தில் பழசாக வாங்கியது. வீட்டம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அதுவும் உங்களுடையது போல இலை ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே விரிந்து மூடும் உலோக இலைகள்) ரேஞ்ச்ஃபைண்டர்தான்.

பிக்சல் தம்பி "தெரிவதுதான் விழும்" என்று எழுதியிருக்கிறார். எஸ்எல்ஆரில் எல்லாம் தெரியும், படம் விழுகிற அந்த நொடி மட்டும் தெரியாது. பொத்தானை அழுத்தியதும், லென்ஸ் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி மேலே எழும்பும், கண் இருட்டாகும், கண்ணாடி திரும்ப இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் எழும்புவதற்குக் கண்ணாடியே கிடையாது. பிலிமில் விழுந்ததை நீங்களும் அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அரூர் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், சேரில் உட்கார்ந்த பெரியவர்கள், தரையில் பிள்ளைகள் என்று முப்பது பேருக்கு மேல் ஒரே படத்தில். அந்தக் காலத்தில் பின்னால் திரை கிடையாது, எடுத்ததைப் பார்க்க முடியாது. முதலாளி எஸ்எல்ஆரில் எடுத்தால் காப்புக்கு மூன்று எடுப்பார், மூன்றிலும் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். பிரின்ட் வந்த பிறகுதான் தெரியும், அப்புறம் யாரைக் கூட்டி நிற்க வைப்பது? நான் மினோல்டாவில் எடுத்தபோது ஃபிளாஷ் அடித்த அந்தக் கணத்தில் நடுவில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் கண் மூடியிருந்ததைப் பார்த்தேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் இமை தனியாகத் தெரிந்தது. "ஐயா, இன்னொன்று" என்று உடனே கேட்டு வாங்கினேன். சட்டம் போட்டு இன்றைக்கும் அவர்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்த இரண்டாவது படம்தான். மறுவருஷம் பார்த்தபோது அந்த மூலையில் தாத்தாவுக்குத் தனியாக மாலை போட்ட படமும் இருந்தது. அதுவும் அதிலிருந்து வெட்டி எடுத்ததுதான்.

அடுத்தது ஃபிளாஷ். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குச் சோறு போட்டது இதுதான். நம் ஊர் வெயில் தெரியும். முகூர்த்தம் முடிந்து மண்டபத்துக்கு வெளியே வருவதற்குள் பதினோரு மணி ஆகிவிடும். உச்சி வெயிலில் வேட்டி பளீரென்று வெளுத்து, கண்குழி கருத்து, மாப்பிள்ளை பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி தெரிவார். நிழலை நிரப்ப ஃபிளாஷ் வேண்டும். எங்கள் எஸ்எல்ஆரில் துணி ஷட்டர், பிலிமுக்கு முன்னால் ஓடும் துணித் திரை. ஃபிளாஷோடு 1/60 நொடி வேகத்துக்கு மேல் போக முடியாது. 100 வேக (ஐஎஸ்ஓ) பிலிமில் வெயிலுக்கு 1/60 வைத்தால் அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூட வேண்டும் (எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்). கைடு நம்பர் (ஃபிளாஷின் பலம்; இதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம்) 28 உள்ள ஃபிளாஷ் எஃப்/22இல் எட்டுவது ஒன்றேகால் மீட்டர்தான். அவ்வளவு பக்கத்தில் நின்று மாப்பிள்ளையின் மீசையைத்தான் எடுக்கலாம். இலை ஷட்டரில் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். 1/500 வைத்து எஃப்/8 திறந்தால் அதே ஃபிளாஷ் மூன்றரை மீட்டர் எட்டும். மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துத் தோழர்கள் வரை அடங்கிவிடுவார்கள். இது ரேஞ்ச்ஃபைண்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. லைக்காவில் துணி ஷட்டர்தான். உங்கள் கேனனெட்டில் உண்டு.

சத்தத்தைப் பற்றி. பென்னாகரம் தாண்டி ஒரு ஊரில் பாரதக் கூத்து. மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டும் இடத்துக்குள் விட்டார்கள். ஒரு ட்யூப்லைட். துரியோதனன் வேஷக்காரர் கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அரிதாரம் பூசுகிறார், புஜக்கட்டை இன்னும் தரையில் கிடக்கிறது, பக்கத்தில் அவர் பேரன் தூங்குகிறான். 400 பிலிம், 1/30, எஃப்/1.8. எஸ்எல்ஆர் அங்கே 'டப்' என்றால் மொத்தக் கொட்டகையும் திரும்பும். இது நாக்கால் 'ட்சு' கொட்டுகிற அளவுதான். ஆறு படம் எடுத்தேன், அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கண்ணாடி அதிர்வதும் இல்லாததால் 1/30இல் கை நடுக்கமும் கம்மி. டிஜிட்டலில் சத்தமே வராது என்பது சரிதான். ஆனால் அன்றைக்கு என்னிடம் அது இல்லையே. தவிர, எலக்ட்ரானிக் ஷட்டரை நீங்கள் அந்த ட்யூப்லைட்டுக்கு அடியில் போட்டுப் பாருங்கள், படத்தில் வரிவரியாகக் கோடு விழலாம்.

அப்புறம் சட்டத்துக்கு வெளியே தெரிவது. வ்யூஃபைண்டருக்குள் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் தெரிகிறதல்லவா, அதற்கு வெளியிலும் கொஞ்சம் தெரியும். எருது விடும் விழாவில் இதன் அருமை தெரியும். காளை சட்டத்துக்குள் வந்த பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும். சட்டத்துக்கு வெளியே கொம்பு தெரிகிறபோதே விரல் தயாராகிவிட வேண்டும். அங்கே போய் இரட்டை உருவத்தை ஒன்றாக்கிக்கொண்டு நிற்காதீர்கள். உங்களுடையது 40 எம்எம் லென்ஸ். எஃப்/11 வைத்து 5 மீட்டரில் நிறுத்தினால் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக வரும். போகஸைத் தொடவே வேண்டாம். இரண்டரை மீட்டருக்குள் காளை வந்துவிட்டால் படத்தைப் பற்றி யோசிக்க நேரமும் இருக்காது.

நாலைந்து போகஸ் தவறியதற்கு மருந்து: லென்ஸுக்குக் கீழே விரல் வைக்க ஒரு குட்டி நெம்பு இருக்கும். வீட்டு வாசலில் 1, 2, 3, 5 மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த நெம்பு எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலுக்குப் பழக்குங்கள். ஒரு வாரம் போதும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே முக்கால்வாசி போகஸ் முடிந்திருக்கும். மீட்டர் ஆப்பையும் வையுங்கள் அந்தப் பக்கம். முழு வெயிலில் எஃப்/16, ஷட்டர் பிலிம் வேகத்தின் அளவு. உங்கள் கேமராவில் 1/500தான் உச்சம். 400 பிலிம் போட்டால் நம் வெயிலில் எஃப்/16இலேயே முட்டிக்கொண்டு நிற்பீர்கள். பகலுக்கு 200 போதும்.


ஓசூர்_சோடாபுட்டி எழுதியது:

அண்ணன் சொன்னதில் ஒன்றிரண்டு சேர்க்கவும், ஒன்றை மறுக்கவும் வந்தேன்.

நான் வைத்திருப்பது துணி ஷட்டர் உள்ள சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் ஜோர்க்கி-4, ஜூபிட்டர்-8 லென்ஸ். எனக்குப் பார்வை மைனஸ் நாலரை. எஸ்எல்ஆரில் மங்கலான திரையில் எது தெளிவு, எது தெளிவில்லை என்று எனக்குத் தீர்மானமே வராது. எல்லாமே தெளிவு மாதிரியும் இருக்கும், எதுவுமே தெளிவில்லாத மாதிரியும் இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தச் சந்தேகம் கிடையாது. இரண்டு மூக்கு தெரிந்தால் போகஸ் இல்லை, ஒரு மூக்கு தெரிந்தால் போகஸ். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் கோழிக் கூடைக்காரம்மா, புளி குவித்து வைத்திருக்கும் தாத்தா, கயிறு விற்பவர் என்று எடுத்திருக்கிறேன். புடவைக் கரை, வெற்றிலைக் கட்டின் ஓரம், மூக்குத்தி என்று ஏதாவது ஒரு நேர்க்கோடோ பளபளப்போ கிடைத்தால் போதும், உருவம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால்தான் திண்டாடும்.

இப்போது மறுப்பு. ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் எல்லோரும் "இரண்டு கண்ணையும் திறந்து எடுக்கலாம்" என்று பெருமை பேசுவார்கள். ஜன்னல் இடது ஓரத்தில் இருப்பதால் வலது கண்ணால் பார்த்தால் இடது கண் வெளியே சும்மா இருக்கும், உண்மைதான். நான் இடது கண்காரி. என் முகம் மொத்தமும் கேமராவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், மூக்கு எண்ணெய் பின்பக்க மூடியில். எனக்கு அந்தச் சுகம் இல்லை. வலது கண்காரர்களுக்கும் முழுதாகக் கிடைப்பது லைக்கா எம்3 மாதிரி ஜன்னலில்தான். அதில் 0.91 அளவில், கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே தெரியும். கேனனெட்டில் உருவம் சிறிதாகத் தெரிவதால் இரண்டு கண்ணும் சண்டை போடும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன், துணி ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு. சித்திரை மாதம், ராயக்கோட்டை மலைக்கோட்டை ஏறிவிட்டுக் கேமராவைப் பாறைமேல் வைத்துவிட்டு மோர் குடித்தேன். லென்ஸ் மூடி இல்லை, அப்பர்ச்சர் முழுசாகத் திறந்திருந்தது, போகஸ் தூரத்தில். லென்ஸ் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்எல்ஆரில் குறுக்கே கண்ணாடி இருக்கும். இதில் வெயில் நேராகத் துணியில் குவியும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்துவோமே, அதேதான். ஷட்டர் துணியில் குண்டூசி முனை அளவு ஓட்டை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் வானத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். கறுப்புத் துணிப் பெயின்ட் தொட்டு வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். இதனால் நான் மூடியைப் பரண்மேல் போட மாட்டேன், அண்ணன் கோபிக்கக் கூடாது. கேனனெட்டில் உலோக இலை, அந்தப் பயம் இல்லை.

ஜோர்க்கி வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: பிலிமை முன்னே தள்ளி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். மறந்து முன்னாலேயே திருகினால் உள்ளே பல் உடைந்துபோகலாம்.

தம்பிக்கு பேட்டரி: அதற்கான பழைய 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி இப்போது வருவதில்லை. காது மிஷினுக்குப் போடும் 675 நம்பர் பேட்டரி வாங்குங்கள், 1.4 வோல்ட். கொஞ்சம் ஒல்லி, சுற்றிலும் குழாய் வாஷர் ஒன்றை மாட்டினால் பொருந்தும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப்பட்டு ஓட ஆரம்பிக்கும், சில மாதம் தாங்கும். மெடிக்கல் ஷாப்பில் "யாருக்கு, பாட்டிக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.


நிப்பட்டு_காவேரிப்பட்டணம் எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. மூடிதான் காரணம். ஒன்பது படமும் மாந்தோப்பில் எடுத்தவை. மூடியைக் கழற்றாமல் கேமராவை நீட்டியபடி தாத்தாவை "கொஞ்சம் சிரிங்க" என்று பத்து நிமிஷம் வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் சாக்பீஸ் கோடு போட்டுப் பழகினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நொண்டி ஆடக் கட்டம் என்று நினைத்து அதிலேயே ஆடின. அவர்களையே எடுத்துவிட்டேன். சட்டத்துக்கு வெளியே பார்ப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது: ஒரு பெண் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒற்றைக் காலில் வருவது முன்கூட்டியே தெரிந்தது, உள்ளே வந்து இறங்கும்போது அழுத்தினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நெகட்டிவ் கழுவி வரப் பத்து நாள் ஆகும். ஆனால் அது விழுந்திருக்கிறது என்று இப்போதே தெரியும். அண்ணா சொன்ன லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நண்பனின் எஸ்எல்ஆரையும் வாங்கி வைத்திருக்கிறேன், மாம்பூவுக்கு. பிக்சல் ப்ரோ சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி.

இன்னொரு சந்தேகம். பின்மூடியைத் திறந்தால் ஓரத்து ஸ்பாஞ்ச் கறுப்புத் தார் மாதிரி விரலில் ஒட்டுகிறது. சில படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் புகை மாதிரி வந்திருப்பது இதனாலா?


பழைய_ஸ்டூடியோக்காரன் எழுதியது:

இதனால்தான். அந்த வயதுக் கேமரா எல்லாவற்றிலும் ஸ்பாஞ்ச் இப்படித்தான் உருகும், வெளிச்சம் புகுந்துவிடும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். துகள் உள்ளே ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்பாஞ்சுக்குப் பதில் கறுப்பு உல்லன் நூலைப் பள்ளத்தில் வைத்து, மெல்லிசாகப் பசை தொட்டு அழுத்தினால் போதும். ஸ்வெட்டர் பின்னுகிற நூல்தான், டெய்லர் சாமான் கடையில் கேளுங்கள். கீல் பக்கம் மட்டும் இரண்டு இழை வையுங்கள், அங்கேதான் அதிகம் ஒழுகும்.

தாத்தாவை அடுத்த ரோலில் முதல் படமாக எடுங்கள். இந்த முறை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். மரத்தடி நிழல், 200 பிலிம், 1/125, எஃப்/4.